தொட்டால் மைனஸ் பத்து

திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆசிரியர் பயிற்சி என்று என்னை எலக்ட்ரானாக ஓடவிட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவள், முழங்காலுக்குப் பட்டை போட்டவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுற்றி ஓடினேன். எனக்கு முன்னால் எரியோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாத்தியார் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தார். நடுவில் நின்ற தம்பி விசில் ஊதினால் உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்குத் தாவ வேண்டும். தாவினோம். அணுவின் அமைப்பு எங்களுக்குப் புரிந்துவிட்டதென்று அந்தத் தம்பி கைதட்டினார். வருஷக்கணக்காக அதையே நடத்திவரும் எங்களுக்கு அன்றைக்குத்தான் புரிந்ததாம். பிறகு சமோசா கொடுத்தார்கள். மேடையில் 'விளையாட்டு வழி அறிவியல்' என்று துணி கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் முந்தின நாள் கல்யாணத்தின் பெண், மாப்பிள்ளை பெயர்கள் தெர்மாகோலில் அப்படியே இருந்தன.

விசில் ஊதியவர் சட்டையில் கம்பெனிப் படம் போட்டிருந்தார். எந்தப் பாடம் படித்தீர்கள் தம்பி என்று சமோசா நேரத்தில் கேட்டேன். எம்.பி.ஏ. மேம் என்றார். அறிவியல் பக்கம் போனதுண்டா என்றேன். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயன்ஸ் இருந்தது என்றார். அதிலும் 'சயன்ஸ்' இருக்கிறதுதானே, பிறகென்ன.

நான் விளையாட்டுக்கு எதிரி இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கிவிடுவீர்கள். கோள்கள் சூரியனைச் சுற்றுவதை வகுப்புக்குள் கொண்டுவர முடியாது. அணுவைப் பிளந்து மேசைமேல் வைக்க முடியாது. இதயத்துக்குள் ரத்தம் போய்வரும் வழியை நான் கரும்பலகையில் வரைந்தால் அது பலாப்பழமாக வரும், பிள்ளைகள் சிரித்து முடித்த பிறகுதான் பாடம் நடத்த முடியும். அதைத் திரையில் ஓட்டிக் காட்டுகிறவனுக்கு நான் கும்பிடு போடுவேன். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டத்தானே கருவி. மதிலைத் தாண்டினால் ஏக்கர் கணக்கில் கிடப்பதைக் கண்ணாடிக்குள் அடைத்து, அதையும் தப்பாக அடைத்து, நிலக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கே காட்ட வருகிறவனை என்ன சொல்வது? கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவனாவது நிஜ ஊசியைக் கொண்டுவந்தான்.

எங்கள் பள்ளி நிலக்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் இறங்குகிற தூரத்தில் இருக்கிறது. காலை பஸ்ஸில் நான் போகும்போது எதிர்ப்பக்கம் பூ மூட்டைகள் மார்க்கெட்டுக்கு வரும். பள்ளி மதிலுக்கு அந்தப் பக்கம் மல்லித் தோட்டம், அதற்கு அடுத்தும் மல்லித் தோட்டம். என் வகுப்பில் பாதிப் பேர் விடியுமுன்பே எழுந்து நெற்றியில் பேட்டரி லைட்டைக் கட்டிக்கொண்டு பூப் பறித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார்கள். முதல் பாடவேளையில் அவர்கள் கொட்டாவி விட்டால் நான் திட்டுவதில்லை. மல்லியை மொட்டாகத்தான் பறிக்க வேண்டும். வெள்ளை திரண்டு, விரிவதற்கு முன்னால், காம்போடு கிள்ளி எடுக்க வேண்டும். செடியிலேயே விரிந்துவிட்ட பூவை மாலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். இது அங்கே நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். பிஞ்சு மொட்டு எது, நாளைய மொட்டு எது, இன்றைய மொட்டு எது என்று அவர்கள் விரலுக்கே தெரியும்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். படிப்பில் முதல் ஆள் கிடையாது. பாடத்தை மனப்பாடம் செய்ய மாட்டாள், ஆனால் கேள்வி கேட்டால் நாம் நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியாது. ஒரு நாள் செம்பருத்தியைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து, சூல்பை, சூல்கள், மகரந்தம் எல்லாம் காட்டினேன். பூவின் வேலையே காயும் விதையும் உண்டாக்குவதுதான் என்று புத்தகத்தில் உள்ளபடி சொன்னேன். அவள் எழுந்தாள்.

"டீச்சர், எங்க தோட்டத்து மல்லி ஒருக்காக்கூடக் காய்ச்சதே இல்ல. பதியம் போட்டுத்தான் செடி உண்டாக்குறோம். பறிக்காம விட்ட பூவும் காஞ்சு உதிருமே தவிர காய்க்கிறதில்ல. அப்ப மல்லி என்ன வேலைதான் பாக்குது?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தாவரவியல் படித்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: நெடுங்காலமாக மனிதர்கள் பதியம் போட்டே வளர்த்த செடி, விதையை நம்பி அது பிழைக்கவில்லை, அதனால் காய்ப்பது அரிது. அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் உட்காரவில்லை. "அப்ப உள்ள சூல்பை இருக்குமா டீச்சர், இருக்காதா? இருந்தா அதுக்குள்ள என்ன இருக்கும்? பாக்கலாமா?" என்றாள்.

பார்க்க எங்களிடம் என்ன இருந்தது? பள்ளியின் ஒரே மைக்ராஸ்கோப்புக்கு அடிக் கண்ணாடி போய்விட்டது, லென்சில் பூஞ்சை படர்ந்துவிட்டது. புதிது கேட்டு நான் எழுதியதெல்லாம் எந்த மேசையின் காலுக்கு முட்டுக்கொடுக்கிறதோ தெரியாது. கல்லூரிகளில் நல்ல மைக்ராஸ்கோப் இருக்கும், என்றைக்காவது ஒரு வாய்ப்பு வந்தால் காட்டுகிறேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு வாரத்துக்கொரு முறை "டீச்சர், அந்த வாய்ப்பு?" என்பாள். கேலியாகத்தான் கேட்பாள். ஆனால் கேட்பதை விடவில்லை.

மைக்ராஸ்கோப் வரவில்லை. ஒரு பெட்டி நிறைய டேப் வந்தது, விரலால் தொட்டு ஆட்டுவிக்கிற கையகலக் கணினி. கூடவே அந்த விசில் தம்பியும் வந்தார். தலைமையாசிரியர் ரிப்பன் வெட்டினார். அவருக்கு எதையாவது வெட்டவோ திறக்கவோ கொடுத்துப் பக்கத்தில் ஒரு போன் கேமராவையும் நிறுத்திவிட்டால் போதும், மனிதர் மலர்ந்துவிடுவார்.

தம்பி பெரிய திரையில் முதலில் விளையாட்டைக் காட்டினார். மகரந்தச் சேர்க்கை விளையாட்டு. உங்கள் ஊருக்காகவே மல்லிகையை வைத்துச் செய்திருக்கிறோம் என்று பெருமையோடு சொன்னார். திரையில் நல்ல வெயில். மல்லித் தோட்டம் முழுக்கப் பூ விரிந்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. நடுவில் ஒரு தேனீ சிரித்துக்கொண்டு பறந்தது.

தம்பி 'வாவ்' எதிர்பார்த்து நின்றார். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி தயங்கிக் கேட்டாள்.

"டீச்சர், இவுக வீட்ல யாரும் செத்துட்டாகளா?"

தம்பிக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் பூக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் அன்று அந்தத் தோட்டத்தில் யாரும் இறங்க மாட்டார்கள். பங்காளிகளும் கை வைக்க மாட்டார்கள். மறுநாள் காலையில் அந்தத் தோட்டம் மட்டும் முழுக்க விரிந்து வெள்ளையாகத் தெரியும். ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள்கூட அதைப் பார்த்து, ஐயோ யார் வீட்டில் என்று விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட தோட்டத்தில்தான் இவருடைய தேனீ சிரித்துக்கொண்டு பறந்தது. "இது யாரோட தோட்டமும் இல்ல, கிட்ஸ். அனிமேஷன்" என்றார் தம்பி. பிள்ளைகள் தலையாட்டினார்கள். சாவு வீட்டில் எதைச் சொன்னாலும் தலையாட்டத்தானே வேண்டும்.

பிறகு ஆளுக்கொரு டேப் கொடுத்தார். விதி இதுதான். செடியில் மொட்டுகள் வரும். அவை விரிய விரியத் தானாக மதிப்பெண் ஏறும். விரிந்த பூவுக்குத் தேனீயை விரலால் இழுத்துக்கொண்டு போனால் இன்னும் ஏறும், காய் வரும், விதை விழும், தோட்டம் பெருகும். மொட்டில் விரல் பட்டால் அது உதிர்ந்துவிடும், மைனஸ் பத்து.

இதைத் தம்பி சொல்லிக்கொண்டிருந்தபோதே வகுப்பு ஆரம்பித்துவிட்டது. கண் முன்னால் மல்லி மொட்டு வந்தால் அந்தக் கைகள் வேறென்ன செய்யும்? பறித்தார்கள். இரண்டு கையாலும் பறித்தார்கள். ஒரு மொட்டு விடவில்லை. அப்படிப் பறிக்கிற வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், கண்ணாடியில் விரல் பட்டுப் பட்டு மழைத் தூறல் சத்தம் வந்தது. செடி காலியானதும் அடுத்த செடிக்குப் போனார்கள். அவர்கள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். மதிப்பெண் பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எல்லாரையும்விட அதிகமாக மைனஸ் வாங்கியவள் என் கேள்விக்காரி. அவள் கை அந்த ஊரிலேயே வேகமான கை.

முதலிடம் யாருக்குக் கிடைத்தது தெரியுமா? சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பையனுக்கு. விடியக் காலையில் பூப் பறித்த களைப்பில் டேப்பின் பக்கத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் எதையும் தொடாததால் எல்லா மொட்டும் நிம்மதியாக விரிந்து அவனுக்கு மதிப்பெண்ணைக் கொட்டியிருந்தன. தம்பி அவனைத் தட்டி எழுப்பி, "சூப்பர், சாம்பியன்" என்று கை குலுக்கினார். அவன் பயந்து எழுந்து, "இனிமே தூங்க மாட்டேன் சார்" என்றான்.

வகுப்பு முடிந்ததும் தம்பியைத் தனியே பிடித்தேன்.

"தம்பி, மல்லிய மொட்டுலதான் பறிப்பாக. அது லேசுல காய்க்காது, விதை போட்டு யாரும் வளக்கிறதும் இல்ல. பூ விரியிறது சாயங்காலத்துக்கு மேல. உங்க விளையாட்டுல ஒண்ணாவது சரியா இருக்கா?"

"மேம், ஒரிஜினல் கேம்ல சன்ஃப்ளவர்தான் இருந்துச்சு. லோக்கல் கன்டென்ட் வேணும்னு மேல கேட்டாங்க. அதான் இந்த ஏரியாவுக்கு ஜாஸ்மின் மாத்திட்டோம்."

"என்ன மாத்துனீங்க?"

"பேரும் படமும் மேம்."

சூரியகாந்திக்கு மல்லி வேஷம். நான் கேட்டேன், "சின்னாளபட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போனா என்ன செய்வீங்க தம்பி? சுங்குடிச் சேலை மேல தேனீய உக்கார வைப்பீங்களா?" அவர் நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தார். நல்ல பிள்ளைதான். அவர்மேல் எனக்குக் கோபம்கூட முழுதாக வரவில்லை. இளக்காரம்தான் வந்தது. கோபப்படுவதற்கும் எதிரில் ஒரு சரக்கு வேண்டும்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து அறிக்கை வந்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் பூவைப் பற்றிய அடிப்படைப் புரிதலே இல்லை, கற்றல் இடைவெளி மிக அதிகம், கூடுதல் பயிற்சி தேவை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தலைமையாசிரியர் அதை என்னிடம் படித்துக் காட்டி உச்சுக் கொட்டினார். தோட்டத்தை எட்டிப் பாருங்கள் சார் என்று ஜன்னலைக் காட்டினேன். "குறை சொல்றதுக்கு ஒரு நேரம் இருக்கு டீச்சர். இப்ப ஒத்துழைக்கிற நேரம்" என்றார். அவருடைய பணிக்காலம் முழுவதும் ஒத்துழைக்கிற நேரமாகவே கழிந்துவிட்டது.

அந்த அறிக்கையோடு ஒரு சுவரொட்டியும் வந்தது. பக்கத்து மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டு நாள் அறிவியல் முகாம். பள்ளிக்கு ஒரு பிள்ளை, விளையாட்டில் அதிக மதிப்பெண் எடுக்கும் பிள்ளை. சுவரொட்டியில் ஒரு பெண்குழந்தை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பெரிய மைக்ராஸ்கோப்.

என் கேள்விக்காரி அந்தச் சுவரொட்டியின் முன்னால் நிற்பதை இடைவேளையில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும், "டீச்சர், அந்த வாய்ப்பு இதுதானா?" என்றாள். இந்தத் தடவை கேலி இல்லை.

"இதுதான் போல இருக்குத்தா. ஆனா அந்தக் கருமத்துல ஜெயிக்கணுமே."

"ஜெயிச்சுருவேன் டீச்சர். அன்னைக்குத் தூங்கிக்கிட்டே ஜெயிச்சான்ல, அத யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் செய்யாம இருந்தாப் போதும்."

"தேனீய இழுக்கணும்ல?"

"இழுக்கப் போனா மொட்டுல கை பட்டுருது. பட்டுட்டா அப்புறம் நிறுத்த முடியல, பறிச்சுக்கிட்டே போயிருது. சும்மா இருக்கிறதுதான் லாபம்."

இதைக் கண்டுபிடித்தது ஆராய்ச்சியில்லாமல் வேறென்ன? கவனித்தாள், காரணத்தைப் பிரித்தாள், முடிவுக்கு வந்தாள். அந்த விளையாட்டு அவளுக்கு உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தது இது ஒன்றுதான், அதுவும் அதை உண்டாக்கியவர்களுக்குத் தெரியாமல்.

முகாம் விழுந்தது வைகாசியில். ஒன்பது முடித்துப் பத்தாம் வகுப்புக்குப் போகிற விடுமுறை அவளுக்கு. கல்யாண மாசம், பூவுக்குக் கிராக்கி, ஒரு கை குறைந்தாலும் வீட்டில் முணுமுணுப்பார்கள். அதனால் போட்டிக்கு முன்பே அவள் அம்மாவைப் பார்க்கப் போனேன். வரப்பில் நின்று பேசினோம்.

"ரெண்டு நாளைக்கு ஒரு ஆள் கொறையுமே டீச்சர்" என்றார் அந்த அம்மா. "அங்கன போயி அப்படி என்னத்தப் பாக்கப் போறா?"

"மல்லிப் பூவுக்குள்ள பாக்கணுமாம்."

"அதுக்குள்ள என்ன இருக்காம்?"

"அதத்தான் பாக்கப் போறா."

அவர் மடியில் கிடந்த மொட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இம்புட்டுக் காலமா பறிக்கிறேன், எனக்குத் தோணலையே" என்று சொல்லிவிட்டு, "போய்ட்டு வரட்டும்" என்றார்.

போட்டி நாளன்று ஓர் அதிகாரி வந்தார். பள்ளி வளாகத்தில் பந்தல், மைக், பெரிய திரை. போட்டிக்கு வந்த பிள்ளைகளின் மதிப்பெண் திரையில் ஓடியது. அவள் டேப்பை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். மணி அடித்தது. மற்ற பிள்ளைகள் பாவம், தேனீயை இழுக்கப் போய் மொட்டில் பட்டு, பட்டதும் பழக்கதோஷத்தில் பறிக்க ஆரம்பித்து, நாக்கைக் கடித்து நிறுத்தி, மறுபடி பறித்தார்கள். இவள் அசையவில்லை. ஆனால் தோள் இரண்டும் துடிப்பதை நான் பார்த்தேன். தன் கண் முன்னால் ஒரு தோட்டம் முழுக்கப் பறிபடாமல் விரிந்து வீணாவதை அந்தப் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். எனக்கு அங்கிருந்த எல்லார்மீதும், பந்தல் கம்புமீதும்கூட, வெறுப்பு வந்தது.

அவள்தான் முதல். அதிகாரி மேடைக்கு அழைத்து மைக்கை அவள் வாயருகே பிடித்தார். "இந்த விளையாட்டிலிருந்து என்னம்மா கத்துக்கிட்டே?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளதைச் சொன்னாள். "கைய வைக்காம சும்மா இருந்தா மார்க்கு வரும்னு கத்துக்கிட்டேன் சார்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இப்போதாவது உறைக்கும் என்று நினைத்தேன். அதிகாரி கண்ணை மூடித் திறந்தார். "பாத்தீங்களா. இயற்கையில் மனிதன் கை வைக்கக் கூடாது என்கிற எவ்வளவு பெரிய உண்மையை இந்தக் குழந்தை எவ்வளவு எளிமையாகச் சொல்லிவிட்டது" என்றார். பந்தல் முழுக்கக் கைதட்டியது. தலைமையாசிரியர் நிறுத்தவே இல்லை. தம்பி அதைப் போனில் பதிவு செய்தார். எருமை மாட்டின்மேல் மழை பெய்தாலாவது தோல் ஒருமுறை சிலிர்க்கும்.

சரி, தொலையட்டும், அவள் மைக்ராஸ்கோப்பைப் பார்த்துவிடுவாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

முகாமுக்குப் புறப்பட்ட காலையில் பஸ் நிறுத்தத்துக்குப் போயிருந்தேன். துணைக்கு எங்கள் உடற்பயிற்சி டீச்சர் போனார். அவள் கையில் ஒரு டிபன் பாக்ஸ். திறந்து காட்டினாள். வாழை இலை விரித்து, ஈரத் துணியில் மல்லி. ஒரு பக்கம் பிஞ்சு மொட்டு, ஒரு பக்கம் திரண்ட மொட்டு, இன்னொரு பக்கம் விரிந்த பூ. அம்மாவே செடியில் சில மொட்டை விரியவிட்டுப் பறித்துத் தந்ததாகச் சொன்னாள். கல்யாண மாசத்தில் தெரிந்தே பூவை விரியவிட்டிருக்கிறார் அந்த அம்மா.

"மொட்டுலருந்து பூ வரைக்கும் உள்ள என்ன நடக்குதுன்னு வரிசையாப் பாத்துரலாம்ல டீச்சர்?"

"பாரு. எல்லாத்தையும் பாத்து வரைஞ்சுக்கிட்டு வா."

முகாம் முடிந்து அவள் வந்திறங்கிய சாயங்காலமும் நிறுத்தத்துக்குப் போனேன். தலையில் கம்பெனிப் படம் போட்ட தொப்பி. கையில் அதே டிபன் பாக்ஸ். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"என்னத்தா, பாத்தியா?"

"மைக்ராஸ்கோப் இருந்துச்சு டீச்சர். நிறைய இருந்துச்சு. கண்ணாடி அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டியிருந்தாக. எங்கள ஹால்ல உக்கார வச்சு டேப்தான் குடுத்தாக. அதுல மைக்ராஸ்கோப் மாதிரி ஒரு படம். திருகாணிய விரலால சுத்தணும். சுத்துனா வெங்காயத் தோலு தெரியும். எல்லாருக்கும் அதே வெங்காயந்தான்."

"நீ கேக்கலையா?"

"கேட்டேன். சார், நான் எங்க தோட்டத்துப் பூ கொண்டாந்திருக்கேன், இத வச்சுப் பாக்கலாமான்னு பாக்ஸைத் திறந்து காட்டுனேன். அவரு அந்த டேப்பச் செத்த நேரம் தட்டித் தட்டிப் பாத்தாரு. அப்புறம், 'அந்த ஆப்ஷன் இதுல இல்லம்மா'ன்னுட்டாரு."

டிபன் பாக்ஸைத் திறந்தாள். எல்லாப் பூவும் பழுப்பேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எது மொட்டு, எது பூ என்று பிரிக்க முடியவில்லை. அவள் அழவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொன்னவர்கள் புண்ணியவான்கள். அந்தக் காலத்தில் நிஜச் சுரைக்காயை அலமாரிக்குள் பூட்டி வைத்துவிட்டு ஏட்டை யாரும் காட்டவில்லை.

பள்ளி திறந்த அன்று காலை, வழிபாட்டுக்கு முன்பே, ஆய்வகம் என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் அந்த அறைக்கு அவள் வந்தாள். விரலெல்லாம் காம்புக் கறை. பாவாடை மடிப்பில் அன்றைக்குப் பறித்த மொட்டுகள். மற்றொரு கையில் முகாமில் கொடுத்த சான்றிதழ். பெரியது, கனமான அட்டை, கருநீலத்தில் வழுவழுவென்று பளபளக்கும். தங்க எழுத்தில் அவள் பெயர், கீழே வரிசையாகக் கையெழுத்துகள். அதைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்ட வேண்டும், கொண்டுவரச் சொல் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார்.

அவள் சான்றிதழை என் மேசைமேல் மல்லாக்க வைத்தாள். மடியிலிருந்து திரண்ட மொட்டாக ஒன்றை எடுத்து அதில் சரியாகக் கையெழுத்துகளின் மேலேயே வைத்தாள்.

"பிளேடு இருக்கா டீச்சர்? மைக்ராஸ்கோப் இல்லாட்டிப் போகுது, கைலென்சுல தெரியுற வரைக்கும் பாப்போம்."

"ஏத்தா, இதுக்கு மேலயா அறுக்கப் போற? கோடு விழுந்துருமே."

"விழுந்தா விழட்டும் டீச்சர். வெள்ளப் பூவுக்கு அடியில கருநீலம் இருந்தாத்தான் எடுப்பாத் தெரியும்."

இழுப்பறையைத் திறந்து, புதுப் பிளேடாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.